லைட் எப்படி மினுங்குகிறது என்று கேட்டவர்

மருதானையில் ஒரு கடையில் புது ரவுட்டர் பெட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் ஜெசிந்தா போய்விட்ட செய்தி வந்தது. கடைக்காரர் சிங்களத்தில் "கன்னவாத, மாத்தயா?", வாங்குகிறீர்களா ஐயா, என்று இரண்டாம் முறையும் கேட்டார். வாங்குகிறேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. போனில் அவருடைய தங்கை ரோஸ், "அக்கா போயிட்டா. நீங்கள் இனி அவசரப்பட்டு ஓடி வர வேணாம்" என்றார். ஆறுதலுக்குத்தான் அப்படிச் சொன்னார், பாவம். எனக்கோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்து, எந்த பஸ் என்று பார்க்காமல் ஏறிப் பொரளை வரை போய், அங்கிருந்து திரும்பிக் கொட்டாஞ்சேனையில் அவருடைய வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

ஜெசியைத் தெரிந்தவர்கள்தான் இதை வாசிப்பீர்கள். தெரியாத ஒருவர் கையில் அகப்பட்டால் அவருக்காகவும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். இன்டர்நெட் கம்பனி ஒன்றின் உதவித் தொலைபேசியில், தமிழ் மேசையில், பத்தொன்பது வருடம் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவர். என்னைவிட எட்டு மாதம் இளையவர். அதட்டுவதில் மட்டும் எட்டு வருடம் மூத்தவர். யார் என்ன முறைப்பாட்டோடு எடுத்தாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "ரவுட்டரில லைட் எப்பிடி மினுங்குது?" ஒருநாள் ஒரு சட்டத்தரணி எடுத்து வழக்குப் போடுவேன் என்று கத்தினார். ஜெசி குரலை உயர்த்தவே இல்லை. "சேர், கோபத்தை ஒரு நிமிசம் ஓஃப் பண்ணிட்டு லைட்டைப் பாத்துச் சொல்லுங்கோ. பச்சையா, சிவப்பா?" மறுமுனையில் எதையோ இழுத்து நகர்த்துகிற சத்தம். பிறகு சின்னக் குரலில், "லைட்டே இல்லை, மிஸ்" என்று பதில் வந்தது. பிளக் கழன்று கிடந்திருக்கிறது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஜெசி சிரிக்காமல் நன்றி சொல்லி வைத்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தார்.

ஓய்வு பெற்ற பிறகு இருவரையும் ஒரே பைத்தியம் பிடித்தது. ரவுட்டரை உள்ளிருந்து ஓட்டுகிற மென்பொருளை ஃபேர்ம்வெயார் என்போம். கம்பனி போட்டு அனுப்பியதை எடுத்துவிட்டு, எங்கெங்கோ இருக்கும் ஆர்வலர்கள் எழுதிச் சும்மா தருகிற வேறொன்றை அதில் போடலாம். சரிவந்தால் கிழட்டுப் பெட்டியும் எழும்பி ஓடும். பிசகினால் லைட்டைப் பார்க்க வேண்டும். வேகமாக மினுங்கினால் பெட்டி இன்னும் காப்பாற்றச் சொல்லிக் கேட்கிறது என்று அர்த்தம். ஒரு லைட்டும் இல்லையென்றால் அது இனிச் செங்கல்தான்.

இந்த விசயத்தில் நான் அவசரக்காரன். புதிதாக எது வந்தாலும் அன்றைக்கே போட்டுப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஜெசி அதற்கு நேர்மாறு. வெள்ளவத்தையில், நான் இருக்கும் தொடர்மாடியில், ஒன்லைன் டியூஷன் எடுக்கும் மாஸ்டர் ஒருவர் புதிய பதிப்பொன்றைப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டார். "முதல்ல என்ர வீட்டில மேலதிகமாக் கிடக்கிற பெட்டியில நாற்பது நாள் தவக்காலம் இருக்கட்டும். பிறகு தாறன்" என்றார் கத்தோலிக்கரான ஜெசி. "அதுக்குள்ள அதைவிடப் புதுசு வந்திடும், மிஸ்." "வரட்டும். அதுவும் இருக்கட்டும்." நான் இடையில் புகுந்து, "எங்கட ஆக்களுக்குக் கந்தசஷ்டி ஆறே நாள்தான். ஆறு நாளில முடிப்பமே?" என்றேன். "உம்மட முருகன் சூரனோட சண்டை பிடிச்சவர், ஐசே. ரவுட்டரோட இல்லை." மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நாற்பது நாளும் காத்திருந்தார். அந்தப் பெட்டி இன்றுவரை ஒரு வகுப்பையும் கெடுத்ததில்லை.

அவர் தேர்ந்தெடுக்கும் விதமே தனி. ஒரு பதிப்பைப் பற்றி இணையத்தில் எழுதியிருப்பதையெல்லாம் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிப்பார். "போட்ட அண்டைக்குப் புகழுறவையின்ர கதையை விடும். ஆறு மாதம் கழிச்சு என்ன சொல்லுகினம் எண்டு பாரும்." பெட்டியைக் கையில் எடுத்தால் முதலில் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். ஒரே பெயரில் மூன்று வகை செய்து விற்பார்கள், ஒன்றுக்கு உரியது மற்றதுக்கு ஆகாது. பார்த்ததைத் துண்டில் எழுதி அங்கேயே ஒட்டியும் விடுவார். "நல்ல ரவுட்டர் எண்டா, வீட்டில ஒருத்தருக்கும் அதின்ர ஞாபகமே வரக்கூடாது" என்று அடிக்கடி சொல்வார். அவருடைய பிடிவாதத்தைப் பற்றி நானும் எவ்வளவோ பகிடி விட்டிருக்கிறேன்.

போன வருடக் கடைசியில் ஈரலில் புற்றுநோய் என்றார்கள். கொஞ்ச நாளில், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். ஒரே மகன் ஜூட் பிரான்சில் இருக்கிறான். விசா வழக்கு முடியவில்லை, நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. அதனால் தினமும் பின்னேரம் ஐந்து மணிக்கு, அங்கே அவனுக்குச் சாப்பாட்டு இடைவேளையில், அரை மணித்தியாலம் வீடியோவில் வருவான். அந்த அரை மணிக்காகத்தான் ஜெசி மீதி நாளைக் கடத்தினார்.

அழைப்பு விட்டு விட்டு வந்தது. படம் நிற்கும், குரல் அறுந்து அறுந்து கேட்கும். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. அந்தக் குறைக்கென்றே ஒரு புதிய பதிப்பு வந்திருந்தது. ஜெசியிடம் சொன்னேன்.

"தவக்காலம் இருந்ததோ?"

"இல்லை. அது வந்தே அஞ்சு நாள்தான்."

"அப்ப வேணாம்."

உமக்கு நாற்பது நாள் இருக்கிறதா என்ற கேள்வி என் தொண்டை வரை வந்து நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்.

"எனக்கும் தெரியும், ஐசே. அதுக்காகத்தான் வேணாம் எண்டுறன். அறுந்து அறுந்தெண்டாலும் கேக்குதுதானே."

அடுத்த நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. மதியம் ஜெசி நித்திரை. ரோஸ் குசினியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். நான் மடிக்கணினியைத் திறந்தேன். எழும்பி மகனின் முகத்தைத் தெளிவாகப் பார்த்தால் என்னைத் திட்ட மாட்டார் என்று நினைத்தேன். மடையன். "இந்தக் கோப்பு இந்தப் பெட்டிக்குப் பொருந்தாமல் இருக்கலாம். தொடரவா?" என்று திரை என்னைக் கேட்டது. இப்படி எத்தனையோ எச்சரிக்கைகளை இதற்கு முன்னும் தாண்டியிருக்கிறேன். ஓம் என்று அழுத்தினேன். லைட் எல்லாம் ஒருமுறை எரிந்து அணைந்தது. அதன் பிறகு எரியவே இல்லை. அப்போதுதான் பெட்டியைக் கவிழ்த்தேன். அடியில் ஜெசியின் குண்டு எழுத்தில் ஒரு துண்டு: "இது இரண்டாம் வகை. மற்றதைப் போட வேண்டாம்."

இரண்டரை மணித்தியாலம் தெரிந்த வித்தை எல்லாம் செய்து பார்த்தேன். போயா என்பதால் கடைகள் பூட்டு. பக்கத்து வீட்டுக்காரர்களும் சுற்றுலா போயிருந்தார்கள். ஜெசி படுத்திருந்த பின் அறைக்குப் போன் சிக்னல் வராது. வாசல் படியில் என் போனை வைத்து, அதிலிருந்து உள்ளே இருந்த டப்லெட்டுக்கு இணைப்பு எடுத்தேன். ஐந்து மணிக்கு ஜூட் வந்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தபடியே படம் உறைந்துவிட்டது. குரல் வரவில்லை. மறுபடி மறுபடி எடுத்தேன். ஒவ்வொரு முறையும் அதே திறந்த வாய்தான். ஜெசி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "மெலிஞ்சிட்டான்" என்றார். அரை மணி முடிந்து அவன் வேலைக்குப் போய்விட்டான்.

"ரவுட்டருக்கு என்ன?" என்று ஜெசி கேட்டார். "லைன் பிழை" என்றேன். பத்தொன்பது வருடம் அந்த மேசையில் இருந்தவரிடம் போய் லைன் பிழை என்கிறேன்!

"லைட் எப்பிடி மினுங்குது?"

"வேகமா" என்றேன்.

"அப்ப தப்பிடும். கரண்டைக் கழட்டாதேயும்."

அதுதான் அவர் என்னோடு கதைத்த கடைசிக் கதை. அன்று இருட்டியதும் நினைவு தப்பியது. மறுநாள் காலை, நான் மருதானையில் நின்றபோது, எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கத்தன்று ஜூட் என் போனில்தான் தாயின் முகத்தைப் பார்த்தான். முன் அறையில் சிக்னல் நன்றாக இருந்தது. சவப்பெட்டியை மூடிய பிறகு, "அங்கிள், அண்டைக்கு லைன் பிரச்சினையோ?" என்று கேட்டான். ஓம் என்றேன். "பரவாயில்லை அங்கிள், நீங்கள் பக்கத்தில இருந்தனீங்கள்தானே" என்று சொல்லி எனக்கு நன்றியும் சொன்னான். அந்த நன்றியை நான் என்ன செய்வது?

தம்பி, இதை நீ வாசிப்பாய். அன்றைக்கு லைனில் ஒரு பிழையும் இருக்கவில்லை. அம்மா வேண்டாம் என்று சொன்னதை நான் அவர் நித்திரையாக இருந்தபோது செய்தேன். உங்களுடைய கடைசி அரை மணியை அழித்தவன் நான். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ கோபப்படுவதானால் ஆளறிந்து கோபப்படு என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஜெசியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தப் பெட்டிதான். ரோஸிடம் கேட்டு வாங்கி வந்தேன். உள்ளே கம்பி ஒட்டி எழுப்பித் தருகிறேன் என்று பம்பலப்பிட்டியில் ஒரு நண்பர் சொல்கிறார். எழுப்பி யாருடன் கதைப்பது? வேண்டாம் என்றுவிட்டேன். வெள்ளவத்தையில் என் மேசையில், அடித்துண்டு தெரியக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். கரண்டைக் கழட்ட வேண்டாம் என்று அவர் சொன்னதால், இங்கே கொண்டுவந்ததும் மறுபடி கொழுவிவிட்டேன். அதன் பிறகு கழட்டவில்லை. பின்னேரம் ஐந்து மணியானால் கை தானாகப் போய் அதை நிமிர்த்திப் பார்க்கிறது.

இல்லை, ஜெசி. மினுங்கவில்லை. அன்றைக்கும் மினுங்கவில்லை.