கோயிலை வைத்து இழுத்த வரைபடம்

அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. தீர வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

திருப்பூரில் ஒரு வரைபட அலுவலகத்தில் அப்போது வேலை பார்த்தேன். பெருமாநல்லூர்ப் பக்கம் ஓடைப் புறம்போக்கில் எந்தெந்த வீடுகள் இருக்கின்றன என்று தாலுகா அலுவலகத்துக்குக் குறித்துக் கொடுக்கும் வேலை வந்தது. பழைய சர்வே வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்த வேண்டும். இரண்டும் பூமியை வேறு வேறு அடிப்படையில் அளந்தவை. அதே எண்களை அப்படியே போட்டால் இடம் தள்ளி விழும். அதைச் சரிசெய்யக் கணக்கு இருக்கிறது. எங்கள் முதலாளிக்கு அந்தப் பொறுமை ஏது? வரைபடத்திலிருந்த பிள்ளையார் கோயில், படத்தில் தெரிந்த கோயிலின் மேல் உட்காரும்வரை முழு வரைபடத்தையும் மவுசால் இழுத்தார்.

“கணக்குப் போட்டுப் பார்த்துடலாங்க” என்றேன்.

“சாமி இருக்கற எடம் மாறுமா கண்ணு?” என்று சிரித்துவிட்டு, அன்றே அனுப்பியும் விட்டார்.

சில நாள் கழித்து, பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் பெண் ஒருவர் அழுதபடி வந்தார். தென் மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்தவர். சீட்டுப் போட்டுக் கட்டிய வீட்டின் சுவரில் சிவப்புக் குறி போட்டுவிட்டார்களாம், இடிக்கப் போகிறார்களாம்.

வரைபடத்தைத் திறந்தேன். ஓடை பாலத்தை விட்டு விலகி, அவர் வீட்டுக்குள் ஓடியது. முறைப்படி கணக்குப் போட்டேன். ஓடை பாலத்துக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. பழைய கோயில் நடுரோட்டில் விழுந்தது. ரோட்டை அகலப்படுத்தியபோது அந்தக் கோயிலை எதிர்ப்புறம் மாற்றிக் கட்டியது ஊருக்கே தெரியும். அந்தக் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கொடுத்து, கல்வெட்டில் பெயர் போட்டுக்கொண்டவர் எங்கள் முதலாளி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இந்த மனிதர் பிள்ளையாரையே பிடித்துக்கொண்டு குரங்கு வேலை பார்த்திருக்கிறார்.

“அனுப்புனது அனுப்புனதுதானுங்க. இப்பத் திருத்துனா நம்ம பேரு கெட்டுரும்” என்றார்.

உங்கள் பெயர் நாசமாய்ப் போகட்டும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, திருத்திய படத்தோடு தாலுகா அலுவலகத்துக்குப் போனேன். கத்தினேன், உட்கார்ந்தேன், மறுபடி கத்தினேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். குறியை அழிக்க உத்தரவும் கிடைத்தது.

அதைச் சொல்ல நேரே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். கூரை இல்லை. தகரங்கள் ஓரமாக அடுக்கியிருந்தன. அவரும் கணவரும் கடைசிச் சுவரிலிருந்து செங்கல் உருவிக்கொண்டிருந்தார்கள்.

“மெஷின் வந்து இடிச்சா ஒரு கல்லுகூட தேறாதுல்லா மேடம்” என்றார் அந்தப் பெண். “அதான் நாங்களே பிரிச்சிட்டோம்.”