ஆட்சேபணை வரப்பெறவில்லை

எங்கள் அலுவலகத்தில் சில வரிகளை முன்கூட்டியே அடித்து வைத்துவிடுவோம். ‘குறிப்பிட்ட காலக்கெடுவுக்குள் ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை’ என்பது அதில் ஒன்று. கெடு முடிய நாலு நாள் இருக்கும்போதே அந்த வரி கோப்பில் ஏறிவிடும். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள், நானும் அப்படியே செய்தேன். யாரும் ஆட்சேபணையோடு வந்ததும் இல்லை. எப்படி வருவார்கள்? அறிவிப்பை எங்கள் வராந்தாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டிப் பூட்டிவிடுவோம். வயலில் நிற்கிறவர்கள் வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்து அதைப் படிக்க வேண்டும் என்பது எங்கள் நினைப்பு.

எனக்கு வீடு ராஜபாளையத்தில், வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில். சுகாதாரத் துறை அலுவலகம் ஒன்றில் உதவியாளர். எந்த ஊருக்கு எந்த நர்ஸ் போவது, ஜீப் எந்தக் கிழமை எந்தப் பக்கம் போவது என்பதையெல்லாம் எங்கள் பகுதியில் வட்டாரச் சுகாதாரக் குழுக்கள்தான் முடிவு செய்யும். அப்படி நான்கு குழுக்கள் இருந்தன. நான்கை மூன்றாக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு குழுவைக் கலைத்து, அதன் ஊர்களை மற்ற மூன்றுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். பிரிக்கும் பட்டியலைத் தயாரிக்கும் வேலை என் மேசைக்கு வந்தது.

அதை நான் ஆசையாகத்தான் செய்தேன். கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, எந்த ஊர் எந்தச் சுகாதார நிலையத்துக்குப் பக்கம் என்று விரலால் அளந்து அளந்து எழுதினேன். சேத்தூரைத் தாண்டி தேவதானம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அதுவரை அந்த ஊருக்கு மெயின் ரோட்டு நிலையத்திலிருந்து நர்ஸ் போய்வந்தார். வரைபடத்தில் இன்னொரு நிலையம் அதைவிடக் கிட்டத்தில் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நீலத் திட்டு. அது கண்மாய். பிறந்ததிலிருந்து கண்மாயைப் பார்த்து வளர்ந்தவள்தான் நான். கண்மாய்க்கு நடுவே யாரும் நடந்து போக முடியாது, கரையைச் சுற்றித்தான் போக வேண்டும், மழை பெய்தால் கரைப்பாதையில் வண்டி இறங்காது என்பதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கைபேசியில் பார்த்தபோது அது வெறும் நீலமாகத்தான் தெரிந்தது. ஊரைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுவிட்டேன்.

அப்போதிருந்த அதிகாரிக்கு, மற்ற எல்லா இடத்துக்கும் முன்னால் நம் பட்டியல் போய்விட வேண்டும் என்று ஒரு வேகம். கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் என்னைக் காட்டி, “இந்த மேடம் இருக்கிற வரைக்கும் எனக்குக் கவலை இல்லை” என்றார். அந்த ஒரு பேச்சுக்கு நான் எப்படிக் குளிர்ந்து போனேன் என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. வீட்டில் வந்து இரண்டு முறை சொன்னேன்.

கெடு முடியும் நாள் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நாலரை மணி இருக்கும். கோப்பைக் கட்டி வைத்துவிட்டு, ஐந்தரைக்கு அதிகாரி கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி என்று உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் ஓர் அக்கா உள்ளே வந்தார். அறுபதை நெருங்கும் வயது. வியர்த்து வழிய வந்தாலும் கையிலிருந்த தாளை பிளாஸ்டிக் கவருக்குள் மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார்.

“தங்கச்சி, ஆட்சேபணை குடுக்க இன்னைக்குத்தான் கடைசியாம்ல. நர்ஸம்மா நேத்துத்தான் சொன்னாவ. பஸ்ஸு கெடைக்கல, அதான் லேட்டாயிருச்சு.”

முன்பின் தெரியாத என்னை எடுத்த எடுப்பில் தங்கச்சி என்றார். நான் உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். மனுவை வாங்கிப் படித்தேன்.

முழுநீளத் தாளில் அவரே எழுதியிருந்தார். அவர் கணவர் ராணுவத்தில் இருந்தவர். ஊருக்கு வந்தபின் விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு ஆறு வருடமாகப் படுக்கை. சிறுநீர் போவதற்குக் குழாய் போட்டிருக்கிறது. படுக்கை நோயாளிகளை வீடு தேடி வந்து பார்க்கும் நர்ஸ் ஜீப்பில் வந்து அந்தக் குழாயை மாற்றிவிட்டுப் போவார். புதுப் பட்டியல்படி இனிமேல் கண்மாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து நர்ஸ் வர வேண்டும். ‘மழைக் காலத்தில் கரைப்பாதையில் ஜீப் வராது. ஆகையால் எங்கள் ஊரைப் பழைய நிலையத்தோடே வைக்க வேண்டுகிறேன்.’ அவ்வளவுதான். ஒரு குறை சொல்ல முடியாத மனு.

படித்து முடித்ததும் எனக்கு வந்தது இரக்கம் அல்ல, எரிச்சல். ஓர் ஊரை மாற்றினால் மூன்று குழுக்களின் மொத்தமும் மாறும். நர்ஸ் பணியிடம் மாறும், ஜீப் நாட்கள் மாறும், இணைப்புகளை எல்லாம் திரும்ப அடிக்க வேண்டும். அன்றைக்குக் கோப்பு போகாது. அதிகாரியிடம் போய், தப்பு நடந்துவிட்டது சார் என்று நான் நிற்க வேண்டும்.

“சீல் வச்சு நகல்ல ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்க தங்கச்சி,” என்று இன்னொரு தாளை நீட்டினார். “அவிய பென்ஷனுக்கு நான் ஏறாத ஆபீஸு இல்ல. சீல் இல்லாத தாளு எதுக்கும் ஆகாது.”

“தபால் பார்க்கிறவர் இன்னைக்கு லீவுக்கா. சீலைப் பூட்டிட்டுப் போயிட்டார். நான் வாங்கிட்டேன்ல, பொறவென்ன? நான் பார்த்துக்கிறேன்.”

தபால் பார்க்கிறவர் லீவு என்பது உண்மை. சீல் அவர் மேசைக்குள் பூட்டிக் கிடந்ததும் உண்மை. அந்த மேசையின் மாற்றுச் சாவி என் பென்சில் டப்பாவில் கிடந்ததை மட்டும் நான் சொல்லவில்லை.

அவர் செத்த நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு நகலை மடித்துக் கவருக்குள் வைத்துக்கொண்டார். “சரி தங்கச்சி. நீங்க சொன்னா சரிதான். வாரேன்.” ஐந்தரைக்குக் கோப்பு போனது. ‘ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை’ என்ற வரிக்குக் கீழே முதல் சுருக்கொப்பம் என்னுடையது. மனுவைக் கிழித்துப் போட மனம் வரவில்லை. கீழ் இழுப்பறையில் பழைய டைரிகளுக்கு அடியில் வைத்தேன். திங்கட்கிழமை அதிகாரியிடம் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எத்தனையோ திங்கட்கிழமை வந்து போயிற்று.

பட்டியல் அப்படியே ஆணையாக வந்தது. எங்களைப் பாராட்டி ஒரு கடிதமும் வந்தது. ஐப்பசி மழை அந்த வருடம் நன்றாகப் பெய்தது. ஊரெல்லாம் கண்மாய் நிறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். நான் பஸ் ஜன்னலில் மழையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கரைப்பாதையைத்தான் நினைத்தேன். நினைத்தேனே தவிர ஒரு போன் போட்டு விசாரிக்கவில்லை. விசாரித்தால் பதில் கிடைத்துவிடும் என்ற பயம்.

பதில் தானாகவே வந்தது. படுக்கை நோயாளிகளின் பட்டியல் மாதாமாதம் என் மேசைக்கு வரும். மார்கழிப் பட்டியலில் அந்த ஊருக்கு நேரே ஒரு பெயரை அடித்து, ஓரத்தில் ‘இறப்பு’ என்று எழுதியிருந்தது. வருகை நாட்களைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு முறை ‘பாதை இல்லை, செல்ல இயலவில்லை’ என்று இருந்தது. ஆறு வருடம் படுக்கையில் கிடந்தவர், எப்படியும் ஒருநாள் போகக்கூடியவர்தான், குழாயால்தான் போனார் என்று யார் சொல்ல முடியும் என்று எனக்குள்ளேயே வக்கீல் வைத்து வாதாடிப் பார்த்தேன். அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

அடுத்த வருடம் அதிகாரி மாறினார். புதிதாக வந்தவர் பெண் மருத்துவர், நிறையக் கேள்வி கேட்பவர். அவர் வந்த கொஞ்ச நாளில் அந்த அக்கா மறுபடியும் வந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. அதே பிளாஸ்டிக் கவர்.

அதிகாரி என்னையும் உள்ளே கூப்பிட்டார். கோப்போடு போய் நின்றேன்.

“எங்க வீட்டுல இப்ப யாருக்கும் ஒண்ணும் வேண்டாம் டாக்டரம்மா,” என்றார் அக்கா. “எதுத்த வீட்டுல ஒரு பிள்ளை வாதம் வந்து படுத்துட்டா. இருபத்தஞ்சு வயசுதான். அவளுக்கும் அதே குழாய் போட்டு விட்டிருக்காவ. அடுத்த மழைக்குள்ள எங்க ஊர மாத்திக் குடுங்க.”

அதிகாரி கோப்பைப் புரட்டினார். “ஆட்சேபணை எதுவும் வரலைன்னு இருக்கேம்மா. கெடுவுக்குள்ள குடுத்து நாங்க கவனிக்காம விட்டிருந்தா இந்த ஒரு ஊரை மட்டும் திரும்ப எடுத்துக்கலாம். இல்லைன்னா அடுத்த மறுசீரமைப்பு வர்ற வரைக்கும் என்னால தொட முடியாது. குடுத்ததுக்கு ஏதாவது சான்று இருக்கா?”

“ஆபீஸ்லதான் குடுத்தேன்,” என்றார் அக்கா. யாரிடம் என்று அதிகாரி கேட்டார். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. “ஞாபகம் இல்ல டாக்டரம்மா.”

வெளியே வந்ததும் வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க பேரச் சொல்லல தங்கச்சி. நீங்க அனுப்பத்தான் செஞ்சிருப்பிய, மேல எங்கேயோ தொலைச்சுட்டானுவ. உங்களுக்கு எதுக்கு வம்பு? அன்னைக்கு இந்த ஆபீஸ்ல தண்ணி குடுத்து உக்காரச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் அப்படியே நின்றேன். அவர் கை சூடாக இருந்தது.

இருக்கைக்குத் திரும்பியதும் முதலில் தோன்றியது திருட்டு யோசனைதான், அதையும் சொல்லிவிடுகிறேன். சீலில் தேதியைத் திருப்பி வைத்து, மனுவில் ஒரு குத்து. தபால் பதிவேட்டில் அந்த வெள்ளிக்கிழமைக்குக் கீழே ஒரு வரி இடம் இருந்தது. எல்லாருக்கும் நல்லது, என் பெயரும் கெடாது. மாற்றுச் சாவியைக் கையில்கூட எடுத்துவிட்டேன். அன்றைக்கு அந்த அக்காவுக்காக எடுக்காத சாவியை இன்றைக்கு எனக்காக எடுக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

சாவியைத் திரும்பப் போட்டுவிட்டு, இழுப்பறையிலிருந்து மனுவை எடுத்தேன். ஒரு வெள்ளைத் தாளில், ‘இம்மனு காலக்கெடுவுக்குள் என்னிடம் நேரில் அளிக்கப்பட்டது. நான் அதைப் பதியவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போய் இன்னும் வராந்தாவில் இருந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு அதிகாரி அறைக்குள் போனேன்.

அதிகாரி இரண்டு தாளையும் படித்தார். மனுவை அக்கா பக்கம் நகர்த்தி, “இதுதானே?” என்று கேட்டார். அக்கா அதைக் கையில் எடுத்தார். முன்பக்கம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். ஓரம் ஓரமாகத் தேடினார். அவர் எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

“அன்னைக்கே ஒரு சீல் கேட்டேன்ல,” என்றார். குரல் ஏறவில்லை. “எம்புட்டு நேரம் ஆயிருக்கும் அதுக்கு?”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அவர் மனுவை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. பதவி உயர்வு தள்ளிப்போனது. வீட்டில், உண்மையைச் சொல்லித் தண்டனை வாங்கிக்கொண்டாள் என்று என்னைப் பெருமையாகப் பேசினார்கள். நான் மறுக்கவில்லை, ஆனால் கேட்கும்போதெல்லாம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். அந்த ஊர் ஆவணி கடைசியில் பழைய நிலையத்துக்கே திரும்பியது. ஆணை வந்த அன்றைக்கே அக்காவுக்கு போன் செய்தேன். மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது, அந்தப் பிள்ளைக்கு இனி ஜீப் மெயின் ரோட்டிலிருந்தே வரும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

“நாளைக்கு வாரேன். ஆர்டரக் கையில குடுங்க,” என்றார்.

சரி அக்கா என்றேன்.

“சீல் வச்சிருக்கும்ல, மேடம்?” என்று கேட்டார்.