பல் இருந்தால் மட்டும்

ஆய்வு நிதிக்கான விண்ணப்பம் அனுப்ப நான்கு நாள்தான் இருந்தது. ஈப்போவில் எங்கள் ஆய்வு அலுவலகத்தில் நான் ஒரு பத்தி எழுதுவேன், எழுந்து ஜன்னலுக்குப் போவேன், திரும்பி வந்து அதையே அழிப்பேன். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று போகும் நோய்க்கான ஆய்வு அது. பாதிப் பேருக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் முகமூடி மட்டும். மீதிப் பேருக்கு அதோடு, கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் பல் கருவியும். இரண்டும் சேர்ந்தால் கூடுதல் பலன் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். வார்டில் எல்லாரும் ‘மிஸ்ஸி’ என்று கூப்பிடும் தாதியாக இருந்து ஆய்வுக்கு மாறிய எனக்கு இதுதான் முதல் திட்டம்.

அனுப்பும் முன் திட்டத்தை நோயாளிகளிடம் படித்துக்காட்ட வேண்டும் என்பது விதி. வெறும் கையெழுத்து வாங்கும் வேலை என்றுதான் ஆய்வை நடத்தும் டாக்டர் நினைத்தார். நானும்தான்.

லகாட்டிலிருந்து, இதே நோய்க்காக எங்கள் கிளினிக்குக்கு வரும், பள்ளி பஸ் ஓட்டும் அக்கா ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக வந்ததால் பஸ் சாவி கையிலேயே இருந்தது. நான் கடகடவென்று படித்தேன். 'போதுமான சொந்தப் பற்கள் உள்ளவர்கள் மட்டும்' என்ற வரியில் நிறுத்தினார்.

“மிஸ்ஸி, பல்லு இல்லாதவங்க?”

“அவங்க சேர முடியாதுக்கா. கருவி நிக்காது.”

அவர் மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றி, டிஷ்யூ விரித்து மேசைமேல் வைத்தார்.

“எங்க எஸ்டேட் லயத்து வீடுங்கள்ல என் வயசுக்காரங்க பாதிப் பேருக்கு இதான் இருக்கு. அப்பல்லாம் வலிச்சா புடுங்கிருவாங்க, வேற வைத்தியமே கெடையாது. அப்ப நீங்க யாருக்குலா இத செய்றீங்க?”

எனக்குக் கோபம் வந்தது. நான்கு நாள் இருக்கும்போதா இதைக் கேட்பது! அவர் போன பிறகுதான் அது என்மேல் எனக்கிருந்த கோபம் என்று புரிந்தது.

மறுநாள் கிளினிக்கில் காத்திருந்த தூக்க நோயாளிகள் ஒவ்வொருவரிடமும் பல்லைப் பற்றிக் கேட்டேன். சிலர் சிரித்தார்கள், சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் அக்கா சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது. டாக்டரிடம் போய் நின்றேன்.

“இப்ப மாத்தினா இந்தத் தடவை அனுப்ப முடியாதும்மா.”

“தெரியும் டாக்டர்.”

அவர் பேனாவை வைத்துவிட்டு அந்த வரியை மறுபடி படித்தார். பிறகு, “சரி, மாத்து,” என்றார்.

பல் இல்லாதவர்களுக்குத் தனிப் பிரிவு ஒன்று எழுதினோம். அவர்களில் பாதிப் பேருக்கு முகமூடியோடு, மல்லாந்து படுக்கவிடாமல் பக்கவாட்டில் படுக்கவைக்கும் இடுப்புப் பட்டையும் உண்டு. இரண்டு பிரிவையும் ஒன்றாகக் கலந்தால் விடை குழம்பும் என்று புள்ளியியல்காரர் சண்டை பிடித்ததால், கணக்கையும் தனித்தனியாகப் பிரித்தோம். கெடு தேதி அதற்குள் கடந்துபோனது.

அக்காவுக்குப் போன் செய்தேன். “இப்ப நீங்களும் சேரலாம்க்கா.”

“எனக்குக் கிளினிக் டாக்டர் போன வாரமே முகமூடி குடுத்துட்டாரு மிஸ்ஸி. ஒங்க ஆய்வு வர்ற வரைக்கும் காத்திருக்க முடியுமா? பஸ் நெறைய புள்ளைங்க இருக்கு, ஓட்டும்போது கண்ணு சொக்கினா என்னாகும்?”

முகமூடி ஏற்கனவே போடத் தொடங்கியவரை ஆய்வில் சேர்க்க முடியாது. அவர் செய்தது சரிதான். இருந்தும் போனை வைத்தபோது ஏமாற்றமாக இருந்தது. எழுந்து நடந்தேன்.

அடுத்த தவணையில் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டோம். பதில் இன்னும் வரவில்லை. இன்று காலையிலிருந்து ஏழு தடவை மின்னஞ்சலைத் திறந்து பார்த்துவிட்டேன்.