யூரின் பையைக் காலி செய்த சரஸ்வதி

கணைய அழற்சி முற்றி ஒருவர் வந்தால் முதல் இரண்டு நாள்தான் பெரிய கண்டம். திருப்பூரில் ஒரு சின்ன மருத்துவமனை ஐ.சி.யூ.வில் இருபது வருடம் நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன். வலிக்கு ஊசி, ஆக்ஸிஜன், டிரிப்ஸ். டிரிப்ஸ் குறைந்தால் கிட்னி கெடும். கூடினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அளவு சரிதானா என்று மணிக்கு மணி சொல்வது யூரின் பை.

நெருப்பெரிச்சல் ஊர்க்காரர், நிட்டிங் ஆபரேட்டர் பழனிசாமிக்குப் பித்தப்பைக் கல்லால் இந்த நோய் வந்தது. காலை எட்டு மணிக்குப் பையில் யூரின் சரியாக இருந்தது. ஒன்பதுக்குச் சொட்டுகூட இல்லை. குழாய் மடங்கவும் இல்லை. பத்து மணிக்கும் பை காலி.

"கிட்னி அடி வாங்கிருச்சு போல, சிஸ்டர். டிரிப்ஸை ஏத்துங்க. டயாலிசிஸுக்குக் கோயமுத்தூர் அனுப்பிரலாம்" என்றார் டாக்டர். பழனிசாமிக்கு ஏற்கெனவே மூச்சு வாங்கியது. நான் டிரிப்ஸில் கை வைத்தேன்.

துணைக்கு இருந்த அவர் மனைவி சரஸ்வதி மெதுவாகச் சொன்னார்: "ஏனுங்க சிஸ்டர், பையில சேரச் சேர நான்தானுங்க கொண்டுபோயி ஊத்துனேன். ரெண்டு வாட்டி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாரைக் கேட்டு ஊத்துனீங்க?"

"நீங்க ஒருத்தரே அஞ்சு பேரைப் பாக்கறீங்க. இதையும் உங்க கையில எடுக்க வெக்கறது நல்லாயிருக்காதுங்க."

விருந்தாளியைச் சாப்பிட்ட இலையை எடுக்கவிடாத ஊர் இது. அவரை என்ன சொல்ல?

"ஒவ்வொரு வாட்டியும் எவ்வளவு இருந்துச்சுங்க?" என்றார் டாக்டர்.

"அரை டம்ளருக்குக் கொஞ்சம் கம்மிங்க."

அப்படியானால் கிட்னி வேலை செய்கிறது. டிரிப்ஸை ஏற்றவில்லை. அடுத்த ஒரு மணி நேரம் மூவரும் பையையே பார்த்திருந்தோம். அறுபது மில்லி இறங்கியது. முன்பென்றால் இந்த நோய்க்கு நாள்கணக்கில் பட்டினி போட்டிருப்போம். மறுநாளே மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுத்தோம். மூன்றாவது வாரம் பழனிசாமி நடந்தே வீட்டுக்குப் போனார்.

திட்டுக்குப் பயந்து சரஸ்வதி வாயை மூடியிருந்தால், என் கையாலேயே பழனிசாமியை மூச்சு முட்ட வைத்திருப்பேன். பை எதற்கென்று நான்தான் சரஸ்வதியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து எந்தக் குழாய் போட்டாலும் முதலில் கூட இருப்பவருக்குச் சொல்லிவிடுவேன். நர்ஸ் வேலையில் இருந்தால் நீங்களும் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று சரஸ்வதி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானுங்க அவர் உசுரக் காப்பாத்துனீங்க."

"இல்லீங்க, நீங்கதான்" என்றேன். மரியாதைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.