ஆடாத நான்கு மூடிகள்

இரண்டு கட்டைவிரல்களாலும் ஓரங்களை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். மூடி கையோடு வந்துவிடும். உள்ளிருந்து புது ரப்பர் செருப்பின் வாசனை போல ஒன்று மூக்கில் ஏறும். எனக்கு வெளிநாடு என்றால் அந்த வாசனைதான். என் அப்பா, நாங்கள் அத்தா என்போம், வளைகுடாவில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். நானும் அம்மாவும் பாப்பாரப்பட்டியில், சிமெண்ட் அட்டை வேய்ந்த வாடகை வீட்டில் இருந்தோம். எண்பதுகளின் நடுவில், நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, அத்தா கொடுத்தனுப்பிய பெட்டியில் சேலைகளுக்கும் சோப்புகளுக்கும் நடுவே அந்த 'கேம் மிஷின்' வந்தது.

செங்கல்லைவிடக் கொஞ்சம் மெலிந்த சாம்பல் நிறப் பெட்டி அது. மேலே தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடி, அதில் கறுப்புச் சதுரப் புள்ளிகள் ஓடும். கீழே ரேடியோவுக்கு இருப்பதுபோல ஒரு திருகு. அதன் மேல்மூடி முழுவதும் கழன்று வரும். ஒவ்வொரு மூடிக்குள்ளும் ஒரு விளையாட்டு. மூடியை மாற்றினால் விளையாட்டு மாறும். கடைக்காரர்கள் அதற்கு என்ன பெயர் வைத்திருந்தார்களோ, எங்கள் வீட்டில் அது 'மூடி'தான். முதல் மூடியில், பந்தைத் தட்டித் தட்டிச் சுவரை உடைக்க வேண்டும்.

முதல் வாரம் தெருப்பிள்ளைகள் எல்லோரும் எங்கள் வீட்டில்தான் கிடந்தார்கள். ஒருநாள் இரண்டு பேர் இழுத்த இழுப்பில் பெட்டி தரையில் விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. "ஒடைஞ்சா உங்கத்தா மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? இனி வூட்டுக்குள்ள யாரும் வரக்கூடாது, நீயே வெச்சு வெளையாடு" என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் கொஞ்ச நாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். நான் வெளியே போனால் "மிஷின்காரி வர்றா" என்று ஆட்டத்தைக் கலைத்துவிடுவார்கள். அந்தப் பெட்டி வருவதற்கு முன்பு எனக்கு நாலு தோழிகள் இருந்தார்கள்.

இரண்டாவது மூடி, விடுமுறையில் ஊருக்கு வந்த நல்லம்பள்ளி காதர் மாமா கையில் வந்தது. அத்தாவின் கம்பெனியிலேயே டிரைவர் அவர். இருவரும் அங்கே ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள். தர்மபுரி போய் பஸ் மாறி அவர் வீட்டுக்குப் போனோம். "உங்கத்தா நல்லாருக்காருங்க பாப்பா. கொஞ்சம் எளைச்சிட்டாரு, அவ்ளோதான்" என்று சொல்லிக்கொண்டே பொட்டலத்தைக் கொடுத்தார். அம்மா முகம் சுருங்கியதைப் பார்த்து, "சமையல் நாங்களே செய்றோம் பாருங்க, அதான்" என்று சிரித்துச் சமாளித்தார். திரும்பும் வழியில், நான் மடியில் மூடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அது கப்பல் விளையாட்டு. ஒருவர் கப்பலை ஒளித்து வைத்துப் பெட்டியை மற்றவரிடம் கொடுக்க வேண்டும்; அவர் தேடிக் குண்டு போட வேண்டும். 'அம்மாவோடு சேர்ந்து விளையாடு' என்று அத்தா கடிதத்தில் எழுதியிருந்தார். அம்மா ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்து, "எனக்கு இந்தப் புள்ளியெல்லாம் கண்ணுக்குத் தெரியல, நீயே ஆடும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதனால் நானே ஒளித்தேன், நானே தேடினேன். ஒளித்த இடம் மறக்கட்டும் என்று பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கொல்லைப்புறம் போய்ப் பதினாறாம் வாய்ப்பாடு வரை சொல்லிவிட்டு வருவேன். ஒருமுறைகூட மறந்ததில்லை. தெரிந்துகொண்டே வேண்டுமென்று நாலு குண்டைக் கடலில் போட்டுவிட்டு, ஐந்தாவதைக் கப்பல்மேல் போடுவேன்.

அடுத்த கோடையில் அட்டைக்கூரை கொதித்தது. ஒருநாள் மத்தியானம் கண்ணாடியின் மூலையில் மை கொட்டினாற்போல ஒரு கறை தெரிந்தது. ஒரே வாரத்தில் அது முழுக்கப் பரவிவிட்டது. தர்மபுரியில் ரேடியோ ரிப்பேர் செய்பவரிடம் கொண்டுபோனோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ள எல்லாம் நல்லாருக்குதுங்க, கண்ணாடிதான் வெயில்ல வெந்துபோச்சு. இதுக்கு இங்க ஸ்பேர் கெடைக்காதுங்க" என்றார். உண்மைதான், பொத்தானை அழுத்தினால் 'பிப்' என்ற சத்தம் மட்டும் வந்தது.

வீட்டில் கடிதம் எழுதுவது என் வேலை; அம்மாவுக்கு வாசிக்கத்தான் வரும். அம்மா சொல்லச் சொல்ல எழுதி, கடைசியில் நாலு வரி என் பங்குக்குச் சேர்ப்பேன். அன்று 'மிஷின் கெட்டுப்போச்சு' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதினால் இனி மூடி வராது என்று தோன்றியது. அம்மாவுக்குச் சேலை வரும், பணம் வரும். எனக்கென்று அத்தா கடைக்குப் போய்த் தேடி எடுத்து அனுப்புவது அது ஒன்றுதான். 'கப்பல் விளையாட்டு ரொம்ப நன்றாக இருக்கிறது அத்தா. அடுத்தது எப்போது அனுப்புவீர்கள்?' என்று எழுதினேன். அம்மா வாசித்துப் பார்த்தார். உறையை ஒட்டினார்.

அதன்பிறகு நான்கு மூடிகள் வந்தன. ஒவ்வொன்றையும் செத்த பெட்டியின்மேல் 'டக்' என்று மாட்டி, மூடி வந்த அட்டைப்பெட்டியில் இருக்கும் படத்தைப் பார்த்து, இப்படித்தான் இருக்கும் என்று நானே ஒரு விளையாட்டை மனத்தில் கட்டி, அதில் ஜெயித்ததாக அத்தாவுக்கு எழுதினேன். 'பந்தை உருட்டி, குச்சிகள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் சாய்த்துவிட்டேன்' என்று எழுதினால், 'கெட்டிக்காரி' என்று பதில் வரும்.

இரண்டு முறை விடுமுறை தள்ளிப்போய், நான் ஒன்பதாவது படிக்கும்போது அத்தா ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். முன் வழுக்கை விழுந்திருந்தது. இரண்டு நாள் நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன்; அவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. மூன்றாம் நாள், "எங்கம்மா அந்த மிஷினு? கொண்டா, ஒரு ஆட்டம் போடலாம்" என்றார்.

கொண்டுவந்து கொடுத்தேன். கறுத்த கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"ரெண்டாவது மூடிக்கு அப்புறமே, அத்தா."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா அனுப்ப மாட்டீங்கல்ல."

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "அப்புறம் வந்த நாலு மூடியையும் எடுத்துட்டு வா" என்றார். "நான் இதெல்லாம் கடையிலயே ஆடிப் பாத்துட்டுதான் வாங்குனேன். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம போவேன், கடைக்காரன் திட்டுவான். இது எப்படின்னு சொல்றேன் பாரு. பந்து ஓரமாப் போகும், அப்ப நீ திருகத் திருப்புனா வளைஞ்சு வந்து கடைசிக் குச்சியச் சாய்ச்சிடும்." என் உள்ளங்கையில் விரலை வைத்து ஓட்டிக் காட்டினார். அன்று சாயங்காலம் வரை நான்கு விளையாட்டுகளையும் அப்படியே சொன்னார். அவரோடு நான் பேசத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

என் கல்யாணத்துக்கு வீட்டை ஒழித்தபோது அம்மா பெட்டியையும் மூடிகளையும் பழைய பிளாஸ்டிக்காரரிடம் போட்டுவிட்டார். அட்டைக்கூரை வீடு இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடி நிற்கிறது. பொட்டலம் வாங்க நல்லம்பள்ளிக்குப் போக வேண்டிய காலமும் இல்லை. அதே வளைகுடாவில் இருக்கும் என் மகன் தினமும் செல்போனில் முகம் காட்டுகிறான். அத்தா காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன.

போன மாதம் அந்தச் செல்போனில் வந்த ஒரு வீடியோவில், அதே சாம்பல் நிறப் பெட்டியை யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் வைத்து விளையாடுவதைப் பார்த்தேன். குச்சி சாய்க்கும் மூடிதான். அவர் திருகைத் தொடவே இல்லை. பொத்தானை அழுத்தினார், பந்து நேராகப் போனது, குச்சிகள் மறைந்தன. அவ்வளவுதான். மற்ற மூன்றையும் தேடிப் பார்த்தேன். ஒன்றுகூட அத்தா சொன்னதுபோல இல்லை. என்னைப் போலவே அவரும் அட்டைப்பெட்டிப் படத்தைத்தான் பார்த்திருக்கிறார். நான் கடிதங்களில் எழுதிய பொய்களுக்கு, அன்று ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறார். அதைத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல இப்போது அத்தா இல்லை.