கதவைத் திறந்து வைத்த துறை

பல்கலைக்கழகத்தில் மருத்துவ உளவியல் துறை தொடங்கியபோது எங்களுக்குக் கிடைத்தது, உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருந்த ஓர் அறை. டாக்டர்கள் எங்களை வாத்தியார்கள் என்றார்கள். வாத்தியார்களோ பைத்தியக்கார டாக்டர்கள் என்றார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நோயாளிக்கு நாங்களும் பயன்படுவோம் என்று காட்ட, துறைத் தலைவர் என்னையும் அழைத்துக்கொண்டு வாரந்தோறும் மலையேறினார். ஜெகதளா பக்கம் ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள்.

முதலில் வந்தவள் தேயிலைக் கொழுந்து பறிப்பவள், இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம். தொலைவில் கிளென்மார்கன் எஸ்டேட் பக்கம் வேலைக்குப் போன கணவன் மண்சரிவில் இறந்துபோனான்; அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டது. அன்றிலிருந்து அவள் பேசவில்லை. புத்தி பேதலித்துவிட்டது என்று நாங்கள் சொன்னால் சமவெளியிலுள்ள பெரிய மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். சிறுமியான அவள் மகள் விடுதிக்குப் போக வேண்டியதுதான்.

நோயாளியிடம் தனியே, கதவைச் சாத்திக்கொண்டுதான் பேச வேண்டும் என்பது தலைவரின் சட்டம். பாடப்புத்தகமும் அதைத்தான் சொன்னது. அவள் மேசையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். மறுவாரமும் அப்படியே. எனக்கு எரிச்சலாக வந்தது, அவள் மேல் அல்ல, அந்தச் சட்டத்தின் மேல்.

அவள் ஏன் வாயே திறப்பதில்லை என்று வெளியே காத்திருந்த அவளுடைய நாத்தனாரிடம் கேட்டேன்.

"கதவச் சாத்திப்புட்டுக் கேட்டா யாரும்மா பேசுவா? எஸ்டேட் ஆபீசுல தொரை அப்படித்தான் கூப்பிட்டு விசாரிப்பாரு. என்ன சொன்னாலும் சீட்டக் கிழிச்சுருவாங்க."

தலைவரிடம் போய்ச் சொன்னேன்.

"கதவத் தொறந்து போட்டுட்டா அப்பறம் அது சந்தைக்கடைங்க," என்றார்.

"சந்தைக்கடையாவே இருக்கட்டும் சார்," என்று சொல்லிவிட்டு அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போனேன். காய்ச்சல் மருந்துக்கு வந்த பெண்கள் நடுவே, நாத்தனார் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக உட்கார்ந்தோம். நான் ஒன்றும் கேட்கவில்லை. மழையைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வெகுநேரம் கழித்து அவள் மெல்லச் சொன்னாள்: "புள்ளகிட்ட இன்னும் சொல்லலம்மா. வேலைக்குப் போன அப்பா வந்துருவாருன்னு இருக்கா. லயத்து வீடுகள்ல ஒருத்தரும் அவ காதுல போடல. வாயத் தொறந்தா எனக்கு அதுதான் வந்துரும்."

வாசலில் நின்ற தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவள் எங்கும் போக வேண்டியதில்லை என்று அன்றே எஸ்டேட் டாக்டரிடம் சொல்லிவிட்டார். அதன்பிறகு எங்கள் மலை முகாம்கள் எல்லாம் வராந்தாவிலேயே நடந்தன. துறைக்குத் தனிக் கட்டடம் வந்தபோதும் முன்பக்கம் பெரிய வராந்தா வேண்டும் என்று தலைவர் பிடிவாதம் பிடித்து வாங்கினார்.

அந்த வராந்தாப் பேச்சுக்கு அடுத்த வாரம் அவள் மகளோடு வந்தாள். சிறுமியை நாத்தனாரிடம் விட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லிட்டேம்மா."

"ரொம்ப அழுதாளா?"

"இல்லம்மா. அவளுக்கு முன்னமே தெரிஞ்சிருக்கு. கேட்டா நான் அழுவேன்னு கேக்காம இருந்திருக்கா."