எச்சில் இலையில் எரியாத அடுப்பு

மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு நான் மேனேஜர். பந்தி முடிந்ததும் எச்சில் இலையெல்லாம் எங்கே போகிறது என்று, சாப்பிட்டுக் கை கழுவிய எவரும் என்னைக் கேட்டதில்லை. பின்பக்க கேட்டுக்குக் கால்வாய்க் கரையிலிருந்து ஒரு பால்கார அம்மா வருவாள். இலை, வாழைத்தண்டு, காய்கறித் தோல் எல்லாவற்றையும் மூட்டை கட்டி மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போவாள். அவளிடம் ஒரே ஒரு பசு. நாலு வீட்டுக்குப் பால் ஊற்றித்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது. மாட்டைத் தெருவில் விட்டால் மாநகராட்சி வண்டி பிடித்துக்கொண்டு போய்விடும். தீவனம் வாங்கிப் போட அவளுக்கு வசதியில்லை. எங்கள் மண்டபத்து இலைதான் அந்த மாட்டுக்குச் சாப்பாடு.

முதலாளியின் மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

கொல்லையில் இலைக் குவியலைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. குப்பையை இரும்பு டிரம்மில் போட்டு, காற்றுப் புகாமல் மூடிச் சூடாக்கினால் வாயு வரும், அதில் சமைக்கலாம். மிஞ்சும் கரியை மண்ணில் புதைத்துவிட்டால் அதிலிருக்கும் கார்பன் வானத்துக்குத் திரும்பாது என்றார். நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. கொட்டாங்கச்சியைப் போட்டு முதல் நாள் ஓட்டிக் காட்டியபோது அடுப்பு தகதகவென்று எரிந்தது. நானே வாயைப் பிளந்தேன். அதோடு விட்டிருந்தால் இதை எழுத எனக்கு வேலையே இல்லை. ஆனால் கொட்டாங்கச்சியைப் பற்றி மாநாட்டு மேடையில் என்ன பேசுவது? ஒரு கல்யாணத்து இலையில் அடுத்த கல்யாணத்துக்குச் சமையல் என்றால்தானே கைதட்டுவார்கள்!

"இனிமே ஒரு எலைகூட வெளியில போகப்படாது, ஓய். எல்லாம் ஃபியூயல்," என்றார் முதலாளி. மாப்பிள்ளை தும்மினால்கூட அதில் ஒரு தத்துவம் இருக்கும் என்று நம்புகிற ஜன்மம் அது.

பின்பக்க கேட்டுக்குப் பூட்டு விழுந்தது. பால்கார அம்மா கம்பியைப் பிடித்து உலுக்கினாள். "இன்னா மேனேஜரே, மாட்டு வாயிலேர்ந்து புடுங்கி அடுப்புல போட்டுக்கினு கீறீங்க? அது இன்னாத்த துன்னும், உன் கேட்டையா?"

மாப்பிள்ளை பொறுமையாக அவளுக்கு விளக்கினார். மாடு ஏப்பம் விட்டால் மீத்தேன் வருகிறதாம், அது பூமிக்குக் கெடுதலாம். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன், நீ வுடறதில்லியா நைனா?" என்று கேட்டுவிட்டுக் காலி வண்டியைத் திருப்பினாள்.

ரசமும் பாயசமும் ஊறிய இலை எங்கே எரியும்? டிரம்மிலிருந்து நாற்றமடிக்கும் ஆவிதான் வந்தது. ஈரமாக இருப்பதால் எரியவில்லை என்று மாப்பிள்ளை கண்டுபிடித்தார். இதற்கு ஒரு வெளிநாட்டுப் படிப்பு! இலைகளை மொட்டை மாடியில் பரப்பச் சொன்னார். மறுநாள் முகூர்த்தம். போன் பேச மாடியேறிய பெண்ணின் மாமா, எச்சில் இலைகளுக்கும் காக்கைகளுக்கும் நடுவில் போய் நின்றார்.

"தாலி கட்டற எடத்துக்கு மேல எச்சல் எலையைக் காயப்போட்டிருக்கேளே, உங்களுக்கெல்லாம் புத்தி இருக்கா?" அவர் போட்ட சத்தத்தில் கீழே நாதஸ்வரம் நின்றுவிட்டது. எச்சில் இலையைத் தொட்ட கையால் தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தொடாத ஜனங்கள். அவர்கள் தலைக்கு மேல் அதையே பந்தலாகப் போட்டிருக்கிறார் இந்த மேதாவி. "கார்பன் நெகட்டிவ், சார்" என்று மாமாவுக்கும் பாடம் நடத்த ஆரம்பித்தவரை நான்தான் கையைப் பிடித்துக் கீழே இழுத்து வந்தேன்.

அதன் பிறகு கொல்லையில் கம்பி வலை கட்டி, அதன்மேல் இலையைப் போட்டு, கீழே சவுக்குக் கட்டையை எரித்துக் காயவைத்தார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வானத்தைக் காப்பாற்ற லாரியில் விறகு வந்து இறங்கியது. அந்தப் புகைக்கு நடுவில் முதலாளி பூரித்துப்போய் நின்றார். சமையல்காரர் மட்டும் யாரையும் கேட்காமல் சிலிண்டரைத் திறந்து சாம்பார் வைத்தார். இதைப் பார்க்க மாப்பிள்ளை அழைத்து வந்த பெரிய மனிதர்கள், இலை வாயுவில் வெந்த சாம்பாருக்கு ருசியே தனி என்று சொல்லி இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

சவுக்கு கட்டுப்படியாகவில்லை. இலையைக் காயவைக்க வறட்டி எரித்தால் மலிவு, இயற்கையும்கூட என்று மாப்பிள்ளை எங்கோ படித்துவிட்டார். "அந்தப் பால்காரம்மாவைக் கேட்கலாமே!" என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு கால்வாய்க் கரைக்குப் போனார்.

அவள் வாசலில் பால் கேன் கவிழ்ந்து கிடந்தது. மாடு கட்டும் இடத்தில் யாரோ ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தார்கள்.

"வறட்டியா?" என்றாள். கேட்டை உலுக்கிய அந்தக் குரல் இல்லை. "மாடே இல்ல சார். தீனி இல்லாம பாலு வத்திப்பூச்சு. வச்சிக்கினு இன்னா பண்றது? தரகன் வந்தான், வண்டில ஏத்திக்கினு பூட்டான். எங்கன்னு நான் கேக்கல."

பால் வற்றிய மாட்டைத் தரகன் வளர்ப்பதற்கு வாங்கிப் போவதில்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் கால்வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாப்பிள்ளை போனைக் கையில் எடுத்தார். "அந்த புரோக்கர் நம்பர் இருக்காம்மா?" என்று கேட்டார். "அவர்கிட்ட நிறைய மாடு இருக்குமே."